மிஸ்டர் ஓல்டமுக்கு வந்த கடிதம்

இன்னைக்குக் கதை ஓர் எழுத்துக் குழப்பத்துல ஆரம்பிக்குது.

வருஷம் 1936. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் முதுகலை முடிச்ச 21 வயசுப் பெண், ஃபிரான்சஸ் ஓல்டம். பெருமந்தக் காலம், எங்கேயும் வேலை இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங் புதுசா மருந்தியல் துறை தொடங்குறார்னு கேள்விப்பட்டு எழுதிப் போட்டாங்க. மார்ச் 1-க்குள் வந்தால் வேலை உண்டு, பிஎச்.டி.யும் பண்ணலாம்னு பதில் வந்தது. ஆனா அது ‘மிஸ்டர் ஓல்டம்’னு தொடங்குது!

ஆங்கிலத்தில் ஃபிரான்சஸ் பெண் பேர், ஃபிரான்சிஸ் ஆண் பேர். ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். நான் பெண்ணுன்னு சொல்லிடணுமான்னு தன் பேராசிரியர்கிட்ட கேட்டாங்க. அபத்தமா பேசாதே, வேலையை ஏத்துக்கோ, கையெழுத்துப் பக்கத்தில் ‘மிஸ்’னு போட்டு அனுப்புன்னு அவர் சொல்லிட்டார். கைலிங்குக்குப் பெண் விஞ்ஞானிகள் மேல பெரிய அபிப்பிராயம் கிடையாது. பேர் எலிசபெத்னு இருந்திருந்தா இந்த வேலை கிடைச்சிருக்குமான்னு பிற்காலத்தில் அவங்களே யோசிச்சிருக்காங்க.

சிகாகோ போன மறு வருஷமே, 1937-ல், அமெரிக்காவில் ‘எலிக்ஸிர் சல்ஃபானிலமைடு’ங்கிற இனிப்பு மருந்து குடிச்சு 100 பேருக்கு மேல செத்துப் போனாங்க. நிறைய பேர் குழந்தைகள். காரணத்தைத் தேடும் வேலை கைலிங்கின் ஆய்வகத்துக்கு வந்தது. எலிகளைக் கவனிக்கிற பொறுப்பு மாணவி ஓல்டமுக்கு. கொன்றது மருந்து இல்லை, அதைக் கரைக்கப் பயன்படுத்தின டைஎத்திலீன் கிளைக்கால். பேர் புதுசா இருக்கா? 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளின் உயிரை எடுத்த இருமல் சிரப்பில் இருந்ததும் இதே வேதிப்பொருள்தான். அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில். 88 வருஷம் ஆச்சு, விஷம் மாறலை.

விற்பனைக்கு முன்னாடி மருந்து பாதுகாப்பானதுன்னு காட்டணும்னு 1938-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதே வருஷம் ஓல்டம் டாக்டர் ஓல்டம் ஆனாங்க.

என்னைக் கேட்டா, அடுத்து வர்றதுதான் முக்கியமான கட்டம். ஆனா பொதுவா இதை ரெண்டு வரியில தாண்டிடுவாங்க. இரண்டாம் உலகப்போர் நேரம், மலேரியா மருந்துக்கு அலைஞ்ச காலம். ஓல்டமும் சக ஆய்வாளர் எல்லிஸ் கெல்சியும் (1943-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க) குயினைனை முயலின் உடல் எப்படிச் சிதைக்குதுன்னு பார்த்தாங்க. வளர்ந்த முயலின் கல்லீரல் மளமளன்னு சிதைச்சிடுது. கர்ப்பமா இருக்கிற முயலுக்கு அந்த வேகம் குறையுது. வயிற்றில் இருக்கிற கருவால் சிதைக்கவே முடியலை. அதாவது தாய்க்கு ஒத்துக்கிற மருந்து, கருவுக்கும் ஒத்துக்கும்னு சொல்ல முடியாது. இனப்பெருக்க நச்சியல்னு இன்னைக்கு நாம சொல்ற துறையின் அடிப்படைக் கேள்வியே இதுதான்.

அப்புறம் மருத்துவப் படிப்பு, படிக்கும்போதே ரெண்டு பெண் குழந்தைகள், 1950-ல் எம்.டி. 1960 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் வேலை. அடுத்த மாசமே புது ஆள்னு ஒரு ‘சுலபமான’ கோப்பைக் கொடுத்தாங்க. ஐரோப்பாவில் ஏற்கனவே விற்பனையில் இருந்த தூக்க மாத்திரை, தாலிடோமைடு. 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலைன்னா தானாவே சந்தைக்குப் போயிடும்.

இங்கே ஒரு தப்பான கதை உலாவுது. கெல்சி பிறவிக் குறைபாட்டை முன்கூட்டியே கண்டுபிடிச்சாங்கன்னு சொல்வாங்க. அப்படி இல்லை. ஆதாரங்கள் அரைகுறைன்னு திருப்பி அனுப்பினாங்க, அவ்வளவுதான். அப்புறம் இந்த மாத்திரை சாப்பிட்டவங்களுக்குக் கை கால் மரத்துப்போகுதுன்னு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு டாக்டர் எழுதின கடிதம் கண்ணில் பட்டது. பெரியவங்க நரம்பையே இது பாதிச்சா, கருவுக்கு என்ன ஆகும்? முயல் ஞாபகம் இருந்தது. 1961 மே மாசம், கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானதுன்னு ஆதாரம் கொடுங்கன்னு கேட்டாங்க. கம்பெனியிடம் இல்லை. ஆனா நெருக்கடி மட்டும் நிற்கலை.

அந்த வருஷக் கடைசியில் ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. உலகம் முழுக்க கை கால் குறையோடு பிறந்த குழந்தைகள் 10,000-க்கும் மேல. அமெரிக்காவும் முழுசா தப்பலை. ‘பரிசோதனை’ங்கிற பேரில் டாக்டர்கள் மூலமா மாத்திரை சுமார் 20,000 பேருக்குப் போயிருந்தது, அங்கேயும் 17 குழந்தைகள்.

1966-ல் புது மருந்துகளின் இனப்பெருக்கச் சோதனைக்கு எஃப்.டி.ஏ. விரிவான வழிகாட்டுதல் கொடுத்தது. இன்னைக்கும் கருவைப் பாதிக்குமான்னு பார்க்க எலி மட்டும் போதாது, பெரும்பாலும் முயலும் வேணும். ஏன்னா கர்ப்பிணி எலிக்குத் தாலிடோமைடு கொடுத்தா குட்டிகள் கிட்டத்தட்ட நல்லாவே பிறக்கும். முயலில்தான் கேடு தெரியும்.

கெல்சி 2005 வரை, 90 வயசு வரை, அங்கேயே வேலை பார்த்தாங்க. 1962-ல் அமெரிக்க மருந்துச் சட்டம் மாறின கதை தனிக் கூத்து. அதை அடுத்த எபிசோடில் பேசலாம்.