உபமன்னிய முனிவர் கூற்று

கதை தொடங்குமிடத்து அதனைக் கூறுவார் ஒருவரை நிறுத்துதல் புராண நூல்களின் மரபாம். நைமிசாரணிய முனிவர்க்குச் சூதர் உரைத்தாரென வரும் நூல்களில் தொடக்கமுதல் இறுதிகாறும் அவர் கூற்றே நிகழும். 12-ஆம் நூற்றாண்டிலே தில்லைக்கண் சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணமோ வேறு நெறிப்பட்டது.

அந்நூலின் திருமலைச் சிறப்பில், கயிலைத் தாழ்வரையிலே உபமன்னிய முனிவர் யோகியர் சூழ வீற்றிருக்கின்றார். வானிலே ஒரு பேரொளி தோன்றுகின்றது. கயிலைக்கு மீளும் நம்பியாரூரரே அவ்வொளியெனத் தேர்ந்து அவர் கைகூப்புகின்றார். சிவபெருமானையன்றிப் பிறரைத் தொழாதார் இங்ஙனந் தொழுதது என்னையென உடனிருந்தார் வினவ, ஆலாலசுந்தரர் தென்றிசையிற் பிறக்க நேர்ந்த வரலாற்றை விரித்துரைக்கின்றார். அவர் கூற்று அச்சிறப்போடு முடிகின்றது. திருநாட்டுச் சிறப்பு முதலாகச் சேக்கிழாரே தம் கூற்றாற் செல்கின்றார்.

அற்றேல், முனிவரை முதற்கண் நிறுத்திப் பின் விடுத்தது குற்றமாகாதோவெனின், ஆகாது. கயிலையில் முன் நிகழ்ந்தது நிலவுலகத்தார் கண்டு கூறற்குரியதன்று. ஆதலின் ஆண்டுறையும் முனிவர் வாய்மொழி வேண்டப்பட்டது. நிலவுலகத்து நிகழ்ச்சிகட்கோ அடியார்தம் திருப்பதிகங்களே சான்றாம். திருநாவுக்கரசர் கல்லொடு கடலில் இடப்பட்டுத் திருப்பாதிரிப்புலியூரிற் கரையேறிய செய்தியைக் காண்க. அதனைச் சேக்கிழார் பிறர்மேல் வைத்துக் கூறிற்றிலர். கல்லொடு பூட்டிக் கடலிற் பாய்ச்சுதல் நமச்சிவாயத் திருப்பதிகத்திலேயே குறிக்கப்படுதலின், வேறு கூறுவார் வேண்டாராயினார்.

இன்னுமொன்று. நூலின் இறுதியாகிய வெள்ளானைச் சருக்கமும் கயிலையின்கண்ணே முடிகின்றது. எனினும் ஆண்டு உபமன்னியர் மீளக் கூறிற்றிலர். அச்செலவைப் பாடிய நொடித்தான்மலைத் திருப்பதிகம், வருணனால் திருவஞ்சைக்களத்தில் உய்க்கப்பட்டு நிலவுலகிற்கு எய்தியதாகச் சேக்கிழார் கூறுவர். சான்று கிடைத்தவழி முனிவர் வேண்டப்படாமை இதனால் இனிது விளங்கும்.

முனிவர் கண்ட ஒளியும் இறுதியிற் கூறப்படும் செலவும் ஒன்றே. முதற்கண் கயிலையினின்று காணப்பட்டது, முடிவில் நம்பியாரூரரைத் தொடர்ந்து நிலத்தினின்று காணப்படுகின்றது. ஆதலின் உபமன்னியர் கூற்று மரபுபற்றி வைத்த வெற்றுத் தோற்றுவாயன்று. தாம் சான்று காட்ட வல்லதனைத் தம் கூற்றாகவும், அல்லதனைக் கூறுதற்குரியார் கூற்றாகவும் வைத்த பெருமானது வாய்மைத் திறமே அதுவென அறிக.