அடி விழும்போது சட்டம் எந்தப் பக்கம் நிற்கும்?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் பல்லேகல மைதானத்தைத் தாண்டினால் திகன, அதன்பின் தெல்தெனிய. 2018 பெப்ரவரி 22 அன்று தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் இளைஞர்கள் நால்வர் லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினர். சில நாட்களின் பின் அவர் உயிரிழந்தார். மார்ச் 5 அன்று திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் சிக்கிய இளைஞர் ஒருவர் இறந்தார். மறுநாள் நாடு முழுவதும் அவசரகால நிலை.

அந்தத் தீயைப் பார்த்த தமிழர் பலருக்கு 83 நினைவுக்கு வந்திருக்கும். கும்பல் வாசலுக்கு வந்தால் என்ன செய்யலாம், திருப்பி அடித்தால் யார் உள்ளே போவது என்ற கேள்வி எமது வீடுகளில் பழையது. பதில் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையில், 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. இதற்காக அவற்றைத் திரும்ப வாசித்தபோது, நாம் நினைப்பதைவிட அது எமக்குக் கூடுதலாகவே இடம் தருகிறது என்று தோன்றியது.

உங்கள் உடலை மட்டுமல்ல, முன்பின் தெரியாத இன்னொருவரின் உடலையும் காக்க உங்களுக்கு உரிமை உண்டு (பிரிவு 90). உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வல்லுறவு, ஆட்கடத்தல் போன்ற நிலைகளில் எதிராளி இறந்தாலும் அது குற்றமாகாது (93). மக்கள் வசிக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவரைத் தடுக்கும்போதும் இப்படியே (96). கும்பலொன்று கொல்ல வரும்போது, அதனுள் கலந்திருக்கும் குற்றமற்றவருக்குக் காயம்படும் ஆபத்து இருந்தாலும், வேறு வழியில்லையென்றால் தற்காத்துக்கொள்ளலாம் என்கிறது 99.

எல்லைகளை வைப்பது 92. பொலிஸாரின் உதவியைப் பெற நேரமிருந்தால் இந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் அடிக்க முடியாது. கடமையில் நல்லெண்ணத்துடன் செயற்படும் பொலிஸையோ படையினரையோ, உயிராபத்து அல்லது கொடுங்காயம் பற்றிய அச்சம் இல்லாதவரை எதிர்க்க முடியாது. அந்தச் செயல் சட்டப்படி முற்றிலும் சரியாக இல்லாவிட்டாலும் இதுதான் நிலை. சோதனைச்சாவடிகளில் வளர்ந்த எமக்கு இது கசப்பான பிரிவு. ஆனால் வந்தவர் அரச உத்தியோகத்தர் என்று உங்களுக்குத் தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் உரிமை போய்விடாது. சிவில் உடையில் இரவில் கதவைத் தட்டுபவர்கள் விடயத்தில் இது முக்கியம்.

ஆபத்து முடிந்தவுடன் உரிமையும் முடிகிறது. ஓடுபவனைத் துரத்திப் பிடித்து அடிப்பது பழிவாங்கல். தெல்தெனிய போன்ற தகராறுகள் கொலையாக மாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

கண்டிக்கு அருகே எம்பக்கே தேவாலயத்து மரத்தூணில் இரு மல்லர்கள் பின்னிக்கிடக்கும் சிற்பம் இருக்கிறது. அங்கம்பொரவிலும் எமது சிலம்பத்திலும் ஒருவருக்கொருவர் மோதும் பயிற்சி உண்டு. கணினி விளையாட்டில் கடைசி வில்லனிடம் பத்துமுறை செத்தாலும், அவன் கை ஓங்கும் ஒழுங்கு பிடிபட்டுவிடும். வீதியில் அந்த வசதி கிடையாது, எதிரே ஒருவன்தான் என்பதும் நிச்சயமில்லை. பிள்ளைகளைக் கராத்தேக்கு அனுப்புங்கள். கூச்சலிடவும், தூரத்தைக் காக்கவும், ஓடும் வழியை முதலில் பார்க்கவும் சொல்லிக்கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

சண்டையின் அடுத்த பாதி பொலிஸ் நிலையத்தில் நடக்கிறது. தற்காப்புக்காகவே அடித்தேன் என்று காட்டும் பொறுப்பு, சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி உங்களுடையது. ஆகவே முதலில் 119ஐ அழையுங்கள். அழைத்த நேரம் பின்னர் உங்களுக்குச் சாட்சி. சிறு காயமானாலும் அரச வைத்தியசாலைக்குப் போய், தாக்கப்பட்டதாகச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்க வேண்டாம். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கண்டிப் பக்கம் அது சிங்களத்தில் எழுதப்பட்டால், வரிக்கு வரி தமிழில் வாசித்துக்காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். "அடித்தேன்" என்பது மட்டும் பதிவாகி, "அவர் கத்தியோடு வந்தார்" என்பது விடுபட்டால் நீதவான் முன் நிலைமை தலைகீழாகும். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் 1996, பெண்களுக்கு 1938.