நாவலரும் மாதோட்டமும்: பள்ளித் தலைவர் ஒருவரின் புத்தூக்கம்

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், பாலாவித் தீர்த்தத்தின் அருகே அமைந்துள்ளது திருக்கேதீச்சரம். சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற மாதோட்டத்து இத்தலம், போர்த்துக்கேயர் காலத்தில் அழிவுற்று, நெடுங்காலம் காடு மூடிக் கிடந்தது. அதனை மீட்டுக் கோயில் எழுப்புதல் வேண்டுமென 1872ஆம் ஆண்டிலே சைவ மக்களுக்கு எழுதி உணர்த்தியவர் ஆறுமுக நாவலர். அவ்வேண்டுகோளை விடுத்தவர் பள்ளிக்கூடம் நடத்தியவர் என்பதும், அவருக்கு அப்பொழுது ஐம்பது வயது நெருங்கியிருந்தது என்பதும் ஈண்டு கருதத்தக்கன.

பள்ளித் தலைமை பூண்டோர்க்கு ஒரு காலத்தில் தளர்ச்சி தோன்றுதல் இயல்பு. தொடக்கத்து வேகம் தணியும். வரவு இடாப்பும் கணக்கேடுமே பணி என்றாகிவிடும். அத்தளர்ச்சியை வெல்லும் வழி யாது? நாவலர் வரலாறு இதற்கு விடை பகர்கின்றது.

1822இல் நல்லூரிற் பிறந்த நாவலர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராயிருந்தார். 1848இல் அப்பதவியைத் துறந்து, அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அதற்கு முன்னரே தம் இல்லத்தில் மாணாக்கர் சிலருக்கு ஊதியம் பெறாது கற்பித்து, அவர்களை ஆசிரியப் பணிக்கு ஆயத்தஞ் செய்திருந்தார். கட்டடத்துக்கு முன்னே ஆசிரியரை ஆக்கியமையே அவர் செய்த முதற் செயல். அவர்கள் பள்ளியைத் தாங்கியமையினாலன்றோ, அவர் தமிழகஞ் சென்று அச்சியந்திரம் பெறவும், பாலபாடங்களை வெளியிடவும், 1864இல் சிதம்பரத்தில் மற்றொரு வித்தியாசாலை நிறுவவும் இயன்றது! யாவற்றையுந் தாமே செய்ய முயலும் தலைவர் விரைவிற் களைப்புறுவர். பிறரை வளர்ப்பவர்க்கே புதுப்பணிக்கு ஓய்வு கிட்டும்.

1870இல் நாவலர் தாயகம் மீண்டார். தாம் தொடங்கியவை நடக்கின்றன என அமைதியுற்றாரல்லர். கோப்பாயில் ஒரு வித்தியாசாலை தோன்றியது. 1872இல் வண்ணார்பண்ணையிற் சைவ ஆங்கில வித்தியாசாலையும் தொடங்கப்பெற்றது. ஆங்கிலம் விரும்பிய சைவப் பிள்ளைகள் மிஷன் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்தமை அதற்குக் காரணம். அதே ஆண்டில் அவர் பார்வை மாதோட்டக் கரைக்குஞ் சென்றது. பள்ளிச் சுவருக்கு அப்பால் நோக்கியமையே அவருக்குப் புத்தூக்கம் அளித்தது எனலாம். தம் மாணாக்கர் நாளை எத்தகைய சமூகத்தில் வாழ்வர் என்று எண்ணுந் தலைவருக்கு, அன்றாட அலுவலும் பொருளுடையதாகின்றது.

ஆயினும் ஊக்கம் ஒன்றே போதுமா? ஆங்கில வித்தியாசாலை பொருள் முட்டுப்பாட்டினால் 1876இல் மூடப்பட்டது. தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியரை முன்கூட்டியே ஆக்கியவர், ஆங்கிலப் பள்ளிக்கு நிலையான பொருள்வழியை முன்கூட்டியே ஆக்க இயலவில்லை. தனியொருவரின் முயற்சி எத்துணைப் பெரிதாயினும், நிலைத்த அமைப்பின்றி நெடிது நில்லாது. இக்குறையை மறைத்துப் புகழ்தல் வரலாறு ஆகாது.

1879இல் நாவலர் மறைந்தார். திருக்கேதீச்சரத்தில் ஒரு கல்லேனும் எழுந்ததை அவர் கண்டிலர். ஆயினும், 1888இல் சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் ஆதரவில் அமைந்தது. தனியொருவர் தாங்கமாட்டாது விட்ட சுமையை ஒரு சபை தாங்கியது. மாதோட்டத்தில் 1893இல் நிலம் வாங்கப்பெற்றது; மறு ஆண்டு பழைய சிவலிங்கம் அகழ்ந்தெடுக்கப்பெற்றது; 1903இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1948இல் திருப்பணிச் சபை அமைந்து பெரும்பணி தொடர்ந்தது.

அக்கரை பின்னரும் அழிவு கண்டது. 2007, 2008ஆம் ஆண்டுகளின் போரில் முசலி, மாந்தை மேற்குப் பகுதி மக்கள் ஊர் விட்டு அகன்றனர். 2009இன் பின் அவர்கள் மீண்டபோது, பள்ளிகளை மறுபடி தொடங்கும் பொறுப்பு அதிபர்களைச் சார்ந்தது. கூரையைச் செப்பனிடுமுன் பிள்ளைகளைக் கூட்டுதல் வேண்டும். பிள்ளைகளைக் கூட்டுமுன் பெற்றோரின் நம்பிக்கையை ஈட்டுதல் வேண்டும். முதலில் மாந்தரை ஆக்குக, பின்னர் மனை தானே எழும் என்னும் நாவலரின் முறையே அங்கும் வேண்டப்பட்டது.

தலைவர் ஒருவரின் ஆற்றலை அவர் வாழ்நாளின் பயனைக்கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. அவர் விட்டுச்சென்ற பணியை ஏற்பதற்கு எத்தனை கைகளை ஆக்கினார் என்பதே தக்க அளவுகோல்.