நூல் மதிப்புரை: தமிழில் அதன் வரலாறு

ஒருவர் தாம் படித்த நூலைப் பற்றிய தம் கருத்தைப் பிறர் அறியச் சொல்வது நூல் மதிப்புரை எனப்படும். இதழில் எழுதும் கட்டுரை, கூட்டத்தில் ஆற்றும் உரை, நண்பர்களுக்குள் நடக்கும் உரையாடல் ஆகிய மூன்றையும் இதில் அடக்கலாம். தமிழில் இவ்வழக்கம் மிகப் பழையது. ஆனால், ஒரு நூலைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பது காலந்தோறும் மாறி வந்துள்ளது. தமிழ் மதிப்புரையின் வரலாறு பெரும்பாலும் அந்த மாற்றத்தின் வரலாறே.

அரங்கேற்றமும் பாயிரமும்

அச்சு வருவதற்கு முன், அறிஞர் அவையில் அரங்கேறிய நூலுக்கே மதிப்பு இருந்தது. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப்பாயிரம் பாடியவர் பனம்பாரனார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு ஐயமறத் தெரிவித்து அந்நூல் அரங்கேறியதாக அவர் கூறுகிறார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைக் கதையாக விரிக்கிறார். அதங்கோட்டாசான் இடந்தோறும் குற்றம் கூற, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை தந்தார் என்பது அக்கதை. இதை வரலாறாகக் கொள்ள முடியாது. எனினும், கேள்விகளுக்கு விடை சொல்லியே ஒரு நூல் அவையேற வேண்டும் என்ற எண்ணம் முன்னோரிடம் இருந்ததை இது காட்டுகிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய 10 குற்றங்களையும் 10 அழகுகளையும் வரிசைப்படுத்துகிறது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல், மிகைப்படுத்துதல், சொன்னதையே திரும்பச் சொல்லுதல், முன்னுக்குப் பின் முரண்படுதல் ஆகியவை அக்குற்றங்களுள் சில. இன்றும் ஒரு நூலை மதிப்பிட இந்தப் பட்டியல் உதவும்.

சிறப்புப்பாயிரம் பாடத் தகுந்தவர் யார் என்பதையும் நன்னூல் வரையறுக்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் ஆகிய நால்வரே அவர்கள். நூலாசிரியர் தம்மைத் தாமே புகழ்வது தகாது என்பதால் இந்த ஏற்பாடு. இந்நால்வரில் மூவர் நூலாசிரியருக்கு நெருங்கியவர்கள். அவரை முன்பின் அறியாமல் நூலை மட்டும் படித்த வாசகருக்கு இதில் இடமில்லை.

அச்சு நூலும் கண்டனமும்

1835ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர் தடையின்றி அச்சகம் நடத்த முடிந்தது. நூல்கள் பெருகின. அச்சிட்ட நூலின் முன்பக்கங்களில் புலவர்களின் சாற்றுக்கவிகள் இடம்பெற்றன. இவை பாயிர மரபின் தொடர்ச்சி. பாராட்டுவதே இவற்றின் வேலை. குறை சொல்ல இவற்றில் வழி கிடையாது.

குறை சொல்ல நினைத்தவர்கள் தனியே கண்டனம் எழுதினார்கள். கண்டனத்துக்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும் அச்சேறின. இராமலிங்க அடிகளின் பாடல்களை ‘அருட்பா’ என்று அழைக்கலாமா என்பது பற்றி 1860களில் எழுந்த பூசல் வழக்குமன்றம் வரை சென்றது.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவரும் கண்டனங்களுக்கு ஆளானார். அவற்றால் மனம் வருந்தி மறுப்பு எழுத முற்பட்டார். கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய சாது சேஷையர் அவரைத் தடுத்தார். மறுப்பு எழுதும் நேரத்தை நல்ல பணிக்குச் செலவிடலாம் என்பது அவர் அறிவுரை. ஐயர் அதை ஏற்றார். 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. அன்று மறுப்புப் போரில் இறங்கியிருந்தால் இப்பணிகள் தாமதப்பட்டிருக்கும்.

வாசகர் வட்டங்கள்

20ஆம் நூற்றாண்டில் படிப்பவர் கூடிப் பேசும் வழக்கம் வளர்ந்தது. 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை படித்தனர். வீட்டின் வட்டமான தொட்டிக்கட்டில் அமர்ந்து பேசியதால் அது ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. அங்கே இலக்கணப் புலமையைவிடக் கவிதையைச் சுவைப்பதே பெரிதாகக் கருதப்பட்டது. கம்பராமாயணத்தில் தமக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ரசிகமணி ஒதுக்கியது புலவர்களிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அவர் முடிவுகளை ஏற்காதவரும் உண்டு. ஆனால் பட்டம் பெற்ற புலவர் மட்டுமன்றி, சுவைத்துப் படிக்கும் எவரும் நூலைப் பற்றிப் பேசலாம் என்பதை வட்டத்தொட்டி நிலைநாட்டியது.

பாரதி பற்றிய விவாதம்

1930களின் நடுவில் பாரதி மகாகவியா என்ற கேள்வி இதழ்களில் எழுந்தது. பாரதி சிறந்த தேசியகவி. ஆனால் உலக மகாகவிகளின் வரிசையில் வைக்கத்தக்கவர் அல்லர் என்பது கல்கியின் கருத்து. வ.ரா., கு.ப.ராஜகோபாலன், சிட்டி முதலியோர் இதை மறுத்தனர். கு.ப.ரா.வும் சிட்டியும் எழுதிய கட்டுரைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்னும் நூலாயின.

இவ்விவாதத்தின் பின்கதை கவனிக்கத்தக்கது. எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப முன்னின்று நிதி திரட்டியவர் அதே கல்கி. அது 1947இல் திறக்கப்பட்டது. கவிஞரைத் தரப்படுத்துவதில் மாறுபட்டவர் அவருக்குச் செய்ய வேண்டிய சிறப்பில் பின்வாங்கவில்லை.

க.நா.சு., செல்லப்பா, கைலாசபதி

1950களில் க.நா.சுப்ரமண்யம் வாசகரை நேராக விளித்து எழுதினார். அவருடைய நூல் ஒன்றின் தலைப்பே ‘படித்திருக்கிறீர்களா?’ என்பது. நல்ல நூல்கள் எவை என்று தம் வாசிப்பிலிருந்து அவர் அடிக்கடி பட்டியலிட்டார். காரணம் காட்டாத ‘பட்டியல் விமர்சனம்’ என்று பலர் அதைக் குறை கூறினர். ஆயினும் புகழ் பெறாத பல நல்ல நூல்கள் அப்பட்டியல்களால் புதிய வாசகரைப் பெற்றன.

சி.சு.செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கினார். கருத்துச் சொன்னால் போதாது, படைப்பின் பகுதிகளை ஆராய்ந்து காரணம் காட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. இது ‘அலசல் விமர்சனம்’ எனப்பட்டது. 119 இதழ்களுடன் 1970இல் ‘எழுத்து’ நின்றது.

இதே காலத்தில் இலங்கையில் க.கைலாசபதியும் கா.சிவத்தம்பியும் வேறொரு கேள்வியை எழுப்பினர். நூல் பிறந்த சமூகச் சூழல் என்ன, அது யார் பக்கம் நிற்கிறது என்பதே அக்கேள்வி. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்தது. ‘எழுத்து’ இதழில் எழுதத் தொடங்கியவரான வெங்கட் சாமிநாதன் அந்நூலைக் கடுமையாக மறுத்து நீண்ட கட்டுரை எழுதினார். சுவையா, சமூகப் பயனா என்ற அந்த வழக்கு இன்றும் முடியவில்லை.

பிற்கால நிலை

1970இல் சென்னையில் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, அந்தந்த மாத இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்துச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. மாதக் கூட்டத்தில் அத்தேர்வு அறிவிக்கப்பட்டது. இதழ்களில் மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் கேட்பதும், மதிப்புரை பெறாத நூல்களை ‘வரப்பெற்றோம்’ என்ற தலைப்பில் குறிப்பிடுவதும் வழக்கமாயின.

சாற்றுக்கவி மறைந்தாலும் அதன் வேலை மறையவில்லை. வெளியீட்டு விழா உரைகளும் அட்டைப்படக் குறிப்புகளும் அதையே செய்கின்றன. அவற்றில் பேசுவோர் பெரும்பாலும் நன்னூல் சொன்ன நெருங்கிய வட்டத்தினர். கையிலுள்ள சிறு தொகைக்கு ஒரே ஒரு நூல் வாங்க நினைக்கும் மாணவருக்கு அந்தப் பாராட்டுகள் உதவுவதில்லை. நூலாசிரியரிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு வாசகரின் கருத்தே அவருக்கு வழிகாட்டும்.

அத்தகைய கருத்தைச் சொல்ல விரும்பும் மாணவர் மூன்றை நினைவில் கொள்ளலாம். நூலை முழுவதும் படிக்க வேண்டும். பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் நூலிலிருந்தே காரணம் காட்ட வேண்டும். நூலின் குறையை அதை எழுதியவரின் குறையாக்கக் கூடாது. மேலே கண்ட பூசல்களில் பல, இம்மூன்றில் ஒன்று தவறியதால் வளர்ந்தவை.