கொசுவைப் பாடிய முகாம்: மாட்டுங்கா லேபர் கேம்ப் முதல் தாராவி பினாலே வரை

தாராவியின் சந்துகளில் 2015 பிப்ரவரி 15 முதல் மார்ச் 7 வரை 'அல்லி கல்லி பினாலே' என்ற கூட்டுக் கண்காட்சி நடந்தது. அதற்கு நடத்தியவர்களே ஒரு விளக்கமும் தந்தார்கள். ஸ்நேகா அமைப்பின் நைரீன் தாருவாலாவும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த டேவிட் ஆஸ்ரினும் வகுத்த அந்த விளக்கத்தின்படி கண்காட்சியின் வேலை இரண்டு. கலையையும் அறிவியலையும் கலந்து நகர்ப்புற உடல்நலம் பற்றிய செய்திகளைப் பகிர்வது ஒன்று. மும்பையின் பொருளாதாரத்துக்கும் பண்பாட்டுக்கும் தாராவி மக்கள் ஆற்றும் பங்கை எடுத்துக்காட்டுவது மற்றொன்று. இந்த வாசிப்பு கண்காட்சியின் மிகக் கூர்மையான படைப்பை மழுக்கிவிடுகிறது என்பதும், அவ்விடத்துக்கு ஏற்கெனவே இருந்த கலக மரபைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அமைப்பாளர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1999இல் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கிய ஸ்நேகா, தாய்சேய் நலத்திலும் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்பிலும் தாராவியில் பல ஆண்டுகள் வேலை செய்துவந்த அமைப்பு. 2012இல் 'தேகா அன்தேகா' என்ற முந்தைய முயற்சியில் புகைப்படம், துணி, சுடுமண் ஆகிய மூன்றிலும் தாராவிவாசிகள் பயிற்சி பெற்றுப் படைத்தார்கள். புகைப்படத்துக்கு வழிகாட்டியவர் சுதாரக் ஓல்வே. மும்பையின் துப்புரவுப் பணியாளர்களைப் பல ஆண்டுகள் படம்பிடித்தவர். அதன் பின் 'ஆர்ட்பாக்ஸ்' என்ற பெயரில் பட்டறைகள் நடந்தன. அவற்றில் விளைந்தவையே 2015இல் காட்சிக்கு வந்தன. வெல்கம் டிரஸ்டின் நல்கை இதற்குப் பின்னால் இருந்தது. மருத்துவ ஆய்வுக்கு நிதி தரும் அந்த அறக்கட்டளையின் மொழியில் 'உடல்நலச் செய்தி' என்ற சட்டகம் வந்து உட்கார்ந்ததில் வியப்பில்லை.

சட்டகத்துக்குள் இருக்கும் அனுமானங்களோடுதான் எனக்கு வழக்கு. செய்தியைப் பகிர்வது என்றால் பெறுகிறவருக்கு அது தெரியாது என்று முன்கூட்டியே முடிவு செய்தாகிவிட்டது. பங்கை எடுத்துக்காட்டுவது என்பது இதைவிடச் சிக்கலானது. தாராவிக்காரர் இந்த நகரத்தில் இருப்பதற்குத் தம் உழைப்பின் கணக்கைக் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது. தாராவியை முயற்சியின் ஊராக, தன் காலில் நிற்கும் தொழிற்கூடமாக வாசிக்கும் பழக்கத்துக்கு கல்பனா சர்மாவின் 'ரீடிஸ்கவரிங் தாராவி' (2000) என்ற நூல் பெரிதும் துணைசெய்தது. அன்று அது இழிவுப் பேச்சுக்கு எதிரான துணிச்சலான குரல். 2004இல் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் தந்த பிறகு அதே புகழுரை பேரம் பேசுவதற்கான மொழியாக மாறியது. உழைப்பைப் பாராட்டிவிட்டு நிலத்தைக் கேட்பது எளிதாகிவிட்டது. கோபத்தோடு செய்த ஒரு படைப்பையும் இந்தப் பாராட்டு தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அங்கேதான் தவறு நேர்கிறது.

இதற்கு எதிர்ச்சான்று அதே ஊரில், மாட்டுங்கா லேபர் கேம்பில் இருக்கிறது. தாராவி என்றதும் நமக்கு 'நாயகன்', 'காலா' என்று திரைப்படங்களே நினைவுக்கு வருகின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடப் போனவர்களின் வரலாற்றைச் சொல்லும்போதுகூட, அவர்களுக்கு அண்டை அயலில் வாழ்ந்த மராத்தித் தலித் தொழிலாளர்களின் கலை வரலாற்றை நாம் தொட்டதில்லை. இது பெரிய குறை. அந்த முகாமில்தான் அண்ணாபாவ் சாத்தே வாழ்ந்தார். 1920இல் வாட்டேகாவ் கிராமத்தில் மாங் சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஏறத்தாழக் காலே வைக்காதவர். அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் அவர் நடத்திய 'லால் பாவ்டா கலாபதக்' என்ற செங்கொடிக் கலைக்குழு பற்றி மராத்தியில் நிறைய எழுதப்பட்டுள்ளது. தமாஷா என்ற மராத்தி நாட்டார் நாடகத்துக்கு அரசு தடை வந்தபோது அதே வடிவத்தை 'லோக்நாட்டிய' என்ற பெயரில் மேடையேற்றியதும், 1949இல் இந்திய மக்கள் நாடக மன்றமான இப்டாவின் தலைவரானதும், 1958இல் முதல் தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கிவைத்ததும் தெரிந்த செய்திகளே.

நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது, அவரது வாழ்க்கையை எழுதியோர் ஒரு வரியில் கடந்துபோகும் ஒரு குறிப்பை. லேபர் கேம்பின் கொசுக்களைப் பற்றி அவர் ஒரு போவாடா கட்டினார் என்பதே அது. போவாடா என்பது வீரர்களைப் பாடும் மராத்திக் கதைப்பாடல். சிவாஜியின் படையெடுப்பைப் பாடிய வடிவம். ஷாஹிர் எனப்படும் முதன்மைப் பாடகர் டஃப் கொட்டிப் பாட, துணைப்பாடகர்கள் பின்பாட்டாக ஏந்திக்கொள்வார்கள். கோட்டை பிடித்த கதைக்கு உரிய அந்த வடிவத்தில் ஓர் இளைஞன் கொசுவை ஏற்றினான். முகாமில் உள்ளவன் இரவெல்லாம் செய்யும் போர் அது என்று அவையில் இருந்த ஒவ்வொருவருக்கும் உடனே விளங்கியிருக்கும்.

இதை உடல்நலச் செய்தி என்று வகைப்படுத்த முடியுமா? பம்பாயில் மலேரியாவின் காரணங்களை ஆராய்ந்த சி. ஏ. பென்ட்லியின் அறிக்கை 1911இலேயே வெளிவந்துவிட்டது. கிணறுகளில் கொசு பெருகுவதை அது அடையாளம் காட்டியது. கிணறுகளை மூடும் நடவடிக்கைகளும், மத நம்பிக்கை சார்ந்த எதிர்ப்புகளும் தொடர்ந்தன. எனவே போவாடா எழுந்த காலத்தில் கொசுவைப் பற்றிய அறிவு நகராட்சியின் கையில் இருந்தது. கடியைப் பற்றிய அறிவு முகாமின் உடம்பில் இருந்தது. இரண்டு பக்கமும் தெரியாத செய்தி எதுவும் இல்லை. தெரிந்த ஒன்றை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் பாடினால் அது குற்றச்சாட்டு. மாஹிம் கழிமுகத்தின் சதுப்பைத் தூர்த்துக் குடியேறியவர்களுக்கு வடிகால் தராத நகரம்தான் அங்கே பிரதிவாதி. சான்று மெலிந்தது என்பதை அறிந்தேதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மராத்தியில் கொசுப் போவாடாவை நகைச்சுவைப் பாட்டு என்று ஒதுக்குவது எளிது. சிரிப்பு மூட்டியிருக்கலாம், ஆனால் வீரப்பாடலின் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தது வெறும் சிரிப்புக்காக என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போது 2015க்குத் திரும்புவோம். கண்காட்சியில் தாராவிப் பெண்கள் தைத்த ஒரு துணி வரைபடம் இருந்தது. 'மேப்பிங் தி ஹர்ட்' என்பது அதன் பெயர். குடும்ப வன்முறை நடந்த இடங்களைத் தாராவியின் வரைபடத்தில் ஊசியும் நூலும் கொண்டு குறித்தார்கள். அமைப்பாளர்களின் சட்டகத்தில் இது ஒரு பொதுச் சுகாதாரத் தரவு: வன்முறை எங்கே, எவ்வளவு என்பதைக் கண்ணுக்கு இதமாகக் காட்டும் வழி. நான் அதை வேறு விதமாக வாசிக்கிறேன்.

வரைபடம் என்ற பொருளுக்குத் தாராவியில் ஒரு வரலாறு உண்டு. அங்கே வரைபடத்தோடு வருகிறவர் பெரும்பாலும் அளக்க வந்தவர். எந்த வீடு தகுதியுள்ளது, எது 2000 ஜனவரி 1க்கு முந்தியது, எது மாடி, எது தரைத்தளம் என்று அந்த வரைபடம் கேட்கும். சுவருக்கு வெளியே நின்றுதான் அது வீட்டைப் பார்க்கிறது. துணி வரைபடம் சுவருக்கு உள்ளே நடந்ததைக் கேட்கிறது. ஆளின் பெயரைச் சொல்லாமல் இடத்தைச் சொல்கிறது. தன் சந்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் பார்வையாளர் அங்கே ஒரு தையல் இருப்பதைப் பார்க்கிறார்; யார் வீடு என்று தெரியாது, தன் சந்து என்பது மட்டும் தெரியும். தைத்த பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாராவியின் ஆடைப் பட்டறைகளுக்காக உருப்படிக்கு இவ்வளவு என்று வீட்டில் இருந்தபடியே தைக்கும் பெண்கள் ஏராளம். நகரத்தின் பொருளாதாரத்துக்கு அவர்கள் தரும் 'பங்கு' அந்தத் தையலே. அதே தையல் இங்கே கூலிக்கு அல்லாமல் சாட்சியத்துக்கு வந்திருக்கிறது. பங்கைக் கொண்டாடும் வாசிப்பு இந்த மாற்றத்தைப் பார்க்கத் தவறுகிறது.

கொசுப் போவாடாவும் துணி வரைபடமும் நேர்க்கோட்டில் வரும் ஒரே மரபு என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தைத் தைத்தவர்கள் அண்ணாபாவை நினைத்துத் தைத்தார்கள் என்பதற்குச் சான்று கிடையாது. நடுவில் ஒரு முறிவும் உண்டு. செங்கொடிக் கலைக்குழுவின் எதிரிகள் ஆலை முதலாளி, வட்டிக்காரர், அரசு. அதாவது முகாமுக்கு வெளியே இருந்தவர்கள். வரைபடம் சுட்டுவது வீட்டுக்குள் இருக்கும் ஆணை. அவனும் ஒரு தொழிலாளியாக இருக்கலாம். செங்கொடிப் பாட்டுக்குக் கைதட்டியவரின் பேரனாகவும் இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வரும்வரை 'குடும்ப வன்முறை' என்ற பெயரில் அதற்குச் சட்ட வரையறை இல்லை. முந்தைய கலை தொடாமல் விட்ட இடத்தைப் பிந்தைய கலை தொட்டது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது முறை: உடம்பின் துன்பத்தை, அது நிகழ்ந்த சந்திலேயே, அதே சந்தின் மக்கள் முன்னால் வைத்து வழக்காடுவது.

கொசுப் போவாடாவின் காலக்கணிப்பில் ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. கலைக்குழு தோன்றிய ஆண்டாகப் பெரும்பாலும் 1944 தரப்படுகிறது. சற்று முன்னே வைப்போரும் உண்டு. ஸ்டாலின்கிராட் போரைப் பாடிய போவாடா 1943ஐ ஒட்டியது என்பதால், பெயர் சூட்டப்படும் முன்பே பாட்டு நடந்துகொண்டிருந்தது எனக் கொள்ளலாம். கொசுப் போவாடாவை அவருடைய முதல் ஆக்கம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றிய போவாடாவை 1939இல் வைத்து அதுவே முதல் என்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்பெயின் முந்தியது என்றால், அண்ணாபாவின் கலை கம்யூனிஸ்டுக் கட்சி கொண்டுவந்த உலகச் செய்தியிலிருந்து தொடங்கிப் பிறகு முகாமுக்கு இறங்கியது என்றாகும். கொசு முந்தியது என்றால் முகாமின் சொந்தக் குறையிலிருந்து கிளம்பி ஸ்பெயினுக்குப் போனது என்றாகும்; 1943இல் பிறந்த இப்டாவுக்கும் அது மூத்ததாகும். நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். ஸ்பெயினைப் பாடக் கட்சி நண்பர்களும் செய்தித்தாளும் வேண்டும். கொசுவைப் பாட அந்த முகாமில் ஓர் இரவு தூங்கியிருந்தால் போதும். ஆனால் முப்பதுகளின் பிற்பகுதியிலேயே ஆர். பி. மோரே போன்ற கம்யூனிஸ்டுத் தோழர்களின் தொடர்பு அங்கே இருந்தது என்பதால், இந்த வாதம் வரிசையை முடிவாக நிறுவப் போதாது.