யாருடைய ஆடு, எங்கே போன ஆடு: செம்மறிப் பதிவேடு விடைசொல்ல வேண்டிய கேள்வி

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள ஏரி மாவட்டத்தில் மலைமேய்ச்சலுக்குப் பெரும்பாலும் வேலி கிடையாது. பல பண்ணைகளின் செம்மறிகள் ஒரே பொதுவெளியில் மேயும். தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொண்ட எல்லையே அங்கே வேலி. ஆனாலும் ஆடு வழிதவறும், பக்கத்து மந்தையோடு போய்விடும். மார்ட்டின்டேலைச் சேர்ந்த ஜோசப் வாக்கர் 1817-இல் வெளியிட்ட மேய்ப்பர் கையேடு இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்தது. பண்ணை பண்ணையாக ஆட்டின் படத்தை அச்சிட்டு, எந்தக் காதில் என்ன வெட்டு, உடம்பில் எந்த இடத்தில் என்ன நிறச் சாயம் என்று அது காட்டியது. பிந்தைய தலைமுறைகள் அதைத் திருத்தித் திருத்திப் புதிய பதிப்புகள் கொண்டுவந்தன. ஆண்டுதோறும் மேய்ப்பர்கள் ஓரிடத்தில் கூடி, தம் மந்தைக்குள் வந்துவிட்ட அயல் ஆடுகளைக் குறிபார்த்து உரியவரிடம் ஒப்படைத்தார்கள்.

அரசு கேட்காமலே ஆட்டுக்காரர்கள் தாங்களாக உருவாக்கிக்கொண்ட பதிவேடு அது. ‘இது யாருடைய ஆடு?’ என்ற ஒரே கேள்விக்கு அது விடை சொன்னது. இன்றைய சட்டப் பதிவேடு கேட்பதோ ‘இந்த ஆடு எங்கெல்லாம் போனது, எவற்றோடு கலந்தது?’ என்று. முதல் கேள்வி உடைமையைப் பற்றியது. இரண்டாவது தடத்தைப் பற்றியது. செம்மறி வளர்ப்போர்மேல் சட்டம் ஏற்றியிருக்கும் எழுத்துச் சுமை தடத்துக்கு விடைசொல்லும் அளவுக்கு நியாயமானது என்றும், தலைக்கணக்கை அது தடம் என்று எடுத்துக்கொள்ளும் இடங்களில்தான் அநீதியும் வீண்செலவும் நுழைகின்றன என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. இங்கிலாந்தின் அனுபவமே முதன்மைச் சான்று. அதிலிருந்து தமிழ்நாட்டுக் கிடை ஆடுகளுக்குப் பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு, பெறக்கூடாததும் ஒன்று உண்டு.

2001 பிப்ரவரி 19 அன்று எசெக்ஸ் மாவட்டத்து இறைச்சிக்கூடம் ஒன்றில் பன்றிகளிடம் கோமாரி நோயின் அறிகுறி தென்பட்டது. மறுநாள் நோய் உறுதியானது. மூலம் நார்தம்பர்லண்டின் ஹெடன்-ஆன்-தி-வால் ஊரிலிருந்த ஒரு பன்றிப் பண்ணை என்று பின்னர் கண்டறிந்தார்கள். அங்கிருந்து வைரஸ் காற்றோடு அருகிலிருந்த பண்ணையின் செம்மறிகளைத் தொற்றியது. அந்த ஆடுகள் ஹெக்சம் சந்தைக்குப் போயின. ஹெக்சமிலிருந்து வியாபாரிகள் வழியாக கம்பிரியாவின் பெரிய சந்தையான லாங்டவுனுக்கு நோய் போய்ச் சேர்ந்தது. கால்நடை நடமாட்டத்துக்கு நாடு முழுவதும் தடை வந்தது பிப்ரவரி 23-இல். அதற்குள் தொற்றிய ஆடுகள் பல மாவட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டுவிட்டன. செப்டம்பர் 30-இல் கடைசி நேர்வு பதிவானபோது நோய் உறுதிசெய்யப்பட்ட இடங்கள் 2,026. கொல்லப்பட்ட கால்நடைகள் 60 லட்சத்துக்கும் மேல், அவற்றில் மிகப் பெரும்பான்மை செம்மறிகள். அரசுக்கும் தனியாருக்கும் சேர்த்து இழப்பு ஏறத்தாழ 800 கோடி பவுண்டு.

ஆடு ஏன் இவ்வளவு பெரிய பங்கு வகித்தது என்பதை அதன் உடலே சொல்கிறது. கோமாரி வந்த மாடு எச்சில் ஒழுக நிற்கும், தீவனத்தை ஒதுக்கும், பால் குறையும், பார்த்தவுடன் தெரியும். செம்மறியிடம் லேசான நொண்டல், வாயில் ஓரிரு நாளில் ஆறிவிடும் புண், அவ்வளவுதான். மழைக்காலத்தில் குளம்பு அழுகி நொண்டும் ஆட்டுக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது தேர்ந்த கால்நடை மருத்துவருக்கே கடினம். கண் தோற்கும் இடத்தில் எழுத்துதான் துணை. எந்தச் சந்தையில், எந்த நாளில், எந்தப் பட்டியில் அந்த ஆடு நின்றது என்று தெரிந்தால் அறிகுறி தெரியாவிட்டாலும் தொற்றைத் துரத்திப் பிடிக்கலாம்.

அந்த எழுத்துதான் அன்று இல்லை. ஆடு வாங்கியதையும் விற்றதையும் கூட்டமாக, எண்ணிக்கையாக எழுதினால் போதும் என்பது அன்றைய நடைமுறை. ஏல வளையத்துக்குள் வராமல், சந்தை வளாகத்திலேயே லாரிக்கு லாரி கைமாறிய ஆடுகள் ஏட்டில் ஏறவே இல்லை. நோய்த்தடம் தேடிய அதிகாரிகள் வியாபாரிகளின் நினைவை நம்பி வீடுவீடாகத் தொலைபேசியில் கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம் குறைவாகவே பேசப்படுகிறது. என் பார்வையில் அதுவே முக்கியமானது. அன்றைய ஐரோப்பிய மானியம் பெட்டையாட்டின் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டது. உரிமைகோரிய எண்ணிக்கை ஆண்டின் முற்பகுதியில் 100 நாள் பண்ணையில் இருந்தாக வேண்டும். எண்ணிக்கை குறைந்தவர்கள் இடைவெளியை நிரப்ப ஆடு வாங்கினார்கள். நோய் நுழைந்த பிப்ரவரியில் சந்தைகளில் ஆடுகளின் போக்குவரத்து மிகுந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆக, பதிவேட்டில் ஓர் எண் பொருந்த வேண்டும் என்பதற்காகவே ஆடுகள் நாடு சுற்றின. தலைக்கணக்கை மட்டும் கேட்கும் சட்டம் தடத்தைக் காட்டத் தவறியதோடு நிற்கவில்லை, புதிய தடங்களையும் உண்டாக்கிவிட்டது. பதிவு முறையை வடிவமைப்போர் முதலில் மனத்தில் வைக்க வேண்டிய உண்மை இது.

பிறகு வந்த சட்டம் அந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 21/2004 எண் ஒழுங்குமுறை, 2009 முடிவிலிருந்து செம்மறிக்குத் தனித்தனி அடையாளத்தையும் மின்னணுக் காது வில்லையையும் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் அதை நடைமுறைப்படுத்தும் 2009-ஆம் ஆண்டு ஆணை இன்றும் அடித்தளமாக நிற்கிறது. அதன்படி ஒரே ஓர் ஆட்டைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பவரும் நிலத்துக்கு எண் பெற வேண்டும். மாவட்டத்துக்கு இரண்டு இலக்கம், ஊருக்கு மூன்று, பண்ணைக்கு நான்கு என ஒன்பது இலக்கம் கொண்ட எண் அது. மந்தைக்கு வேறோர் எண். பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதத்துக்குள், இரவில் கொட்டகையில் அடைப்பதானால் ஆறு மாதத்துக்குள், அதற்கு முன்பே பிறந்த பண்ணையை விட்டு வெளியேறினால் அப்போதே வில்லை மாட்ட வேண்டும். வந்தது, போனது, இறந்தது எல்லாம் 36 மணி நேரத்துக்குள் ஏட்டில் ஏற வேண்டும். ஒவ்வொரு நகர்வும் மூன்று நாளுக்குள் மைய அமைப்புக்கு அறிவிக்கப்பட வேண்டும். டிசம்பர் 1-இல் ஆண்டுக் கணக்கு. ஆடு வந்திறங்கிய பண்ணையிலிருந்து அடுத்த ஆறு நாளுக்கு ஆடோ மாடோ வெளியே போகக்கூடாது, இறைச்சிக்கூடத்துக்குப் போவது போன்ற சில விலக்குகள் தவிர.

இவற்றில் ஆறு நாள் நிறுத்தமும் மூன்று நாள் அறிவிப்பும்தான் உயிர்நாடி என்பேன். 2001-இல் இந்த இரண்டும் இருந்திருந்தால் ஹெக்சமில் வாங்கிய ஆடு அடுத்தடுத்து வேறு சந்தைகளுக்குப் போயிருக்க முடியாது. தனி ஆட்டு அடையாளத்தின் மதிப்பு அதற்கு அடுத்த நிலையில் வருகிறது. 12 மாதத்துக்குள் கறிக்குப் போகும் குட்டிக்கு மந்தை எண் மட்டும் பொறித்த ஒற்றை வில்லை போதும் என்று சட்டமே விட்டுக்கொடுத்திருக்கிறது. பிறந்த பண்ணையிலிருந்து நேராக வெட்டுக்குப் போகும் ஆட்டுக்குத் தடம் ஒற்றைக் கோடு. தனி எண் அதில் புதிதாக எதையும் கூட்டாது என்பதே அந்த விலக்கின் நியாயம்.

அந்த நியாயத்தை மலைப்பெட்டைக்கும் நீட்டியிருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டு ஒரே மலையில் மேய்ந்து அங்கேயே ஈன்று வாழும் ஆட்டுக்கு இரண்டு அடையாளம் மாட்டுவதால் நோய்த்தடுப்புக்கு என்ன கிடைக்கிறது? புதரிலும் கம்பியிலும் மாட்டி வில்லை பிய்ந்து போகிறது, சில நேரம் காதும் கிழிகிறது. தொலைந்தது தெரிந்ததும் மாற்று வில்லை மாட்டி, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஏட்டில் இணைக்க வேண்டும். மானியத்தோடு பதிவேட்டுச் சோதனையைப் பிணைத்திருந்த நாட்களில் இத்தகைய பிழைகளுக்காகவும் மானியத்தில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. அந்தப் பிணைப்பு இங்கிலாந்தில் 2023 இறுதியோடு முடிந்தது வரவேற்கத்தக்கது. நோயை மறைத்து ஆடு கடத்துபவனும் புதரில் வில்லையைத் தொலைத்த மேய்ப்பரும் ஒரே தண்டனை முறைக்குள் நின்றால், மேய்ப்பர் சட்டத்தை மதிக்கும் மனத்தை இழந்துவிடுவார்.

எதிர்வாதம் வலுவானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்து ஆட்டுப் பண்ணையாளர் ஒருவர் இந்தக் கடமைகள் தொழில் நடத்தும் உரிமையையும் சமத்துவத்தையும் மீறுகின்றன என்று வழக்காடினார். செம்மறி, வெள்ளாடு சேர்த்து ஆறு லட்சத்துக்கு மேற்படாத நாடுகளுக்கு உள்நாட்டு ஆடுகளில் மின்னணு வில்லை கட்டாயமில்லை, மாட்டுக்கும் பன்றிக்கும் அது கேட்கப்படவில்லை, செம்மறிக்காரருக்கு மட்டும் ஏன் என்பது அவர் கேள்வி. ஐரோப்பிய நீதிமன்றம் 2013 அக்டோபர் 17-இல் கடமைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தடம் தெரியாதபோது நோயில்லாத ஆடுகளையும் சேர்த்துக் கொல்ல வேண்டிவருகிறது. அந்த இழப்போடு ஒப்பிட்டால் வில்லையின் செலவு மிகையல்ல என்பது தீர்ப்பின் சாரம். நகரும் ஆட்டைப் பொறுத்தவரை நீதிமன்றம் சொன்னதே சரி. ஆனால் சந்தைக்குச் சந்தை செல்லும் ஆட்டையும் மலையைவிட்டு இறங்காத ஆட்டையும் ஒரே தட்டில் வைத்ததை அந்தத் தர்க்கம் முழுதாக நியாயப்படுத்தவில்லை. இன்று அங்கீகாரம் பெற்ற சந்தைகளே கருவி வைத்து எண்களைப் படித்துத் தருகின்றன. கலப்பு நிகழும் வாசலில் பதிவுச் சுமையை வைப்பதே பொருத்தம் என்பதை நடைமுறையே ஒப்புக்கொள்கிறது.

தடம் என்றால் கால் நடந்த வழி மட்டுமல்ல, வாய்வழி உள்ளே போனதும்தான். 1986-இல் செர்னோபிலிலிருந்து கிளம்பிய கதிரியக்கச் சீசியம் மழையோடு வேல்ஸ், கம்பிரியா, ஸ்காட்லாந்து மலைகளில் இறங்கியது. மலைமண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து ஆட்டுக்கும் ஏறியது. 9,000-க்கும் மேற்பட்ட பண்ணைகள், 40 லட்சத்துக்கும் அதிகமான ஆடுகள் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிலோவுக்கு 1,000 பெக்கரெல் என்ற வரம்பைத் தாண்டிய ஆட்டுக்குச் சாயம் பூசி, உணவுக்குப் போகாமல் தடுத்தார்கள். அந்த ஆடு பள்ளத்தாக்கின் நல்ல புல்லில் சில வாரம் மேய்ந்தால் அளவு இறங்கிவிடும். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-இல். வாக்கரின் கையேட்டில் உடைமை காட்டிய அதே சாயக்குறி இங்கே ஆட்டின் உடலுக்குள் இருந்ததைச் சொன்னது. மருந்துப் பதிவேடும் இவ்வகையே. குடற்புழு மருந்தோ நுண்ணுயிர்க்கொல்லியோ எந்தத் தொகுதி எண், எந்த ஆட்டுக்கு, எந்த நாளில் கொடுத்தது, கறிக்கு எத்தனை நாள் விலக்கு என்பதை எழுதி ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். மேய்ப்பர்கள் பலர் இதை ஏடுகளிலேயே கடைசியாக எழுதுகிறார்கள். உண்பவரோ இதைத்தான் முழுமையாக நம்பியிருக்கிறார்.

பதிவுப் பிழை பண்ணையில் மட்டும் நேர்வதில்லை. மாட்டுப் பைத்திய நோய் ஆட்டுக்கும் வந்ததா என்று அறிய எடின்பரோவில் ஆண்டுக்கணக்கில் நடந்த அரசுச் செலவிலான ஆய்வு 2001 அக்டோபரில் கைவிடப்பட்டது. ஆட்டு மூளை என்று சோதிக்கப்பட்டவை மாட்டு மூளைத் திசு என்று மரபணுச் சோதனை காட்டியது. முடிவு வேறாக இருந்திருந்தால் ஒரு நாட்டின் மந்தைகளையே அழிக்கும் ஆணை அதிலிருந்து பிறந்திருக்கக்கூடும். மேய்ப்பரிடம் கேட்கும் துல்லியத்தை அரசு தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி நம் நிலத்துக்கு வருவோம். 2019 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செம்மறிகள் ஏழரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு, தமிழ்நாட்டில் 45 லட்சம் அளவு. தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பட்டியலிட்ட நோய் இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்கும் கடமையை ஆட்டுக்காரர்மேல் வைக்கிறது. கோமாரி ஒழிப்புத் திட்டம் 2019 செப்டம்பரில் தொடங்கியபின் மாட்டுக்கு 12 இலக்கக் காது வில்லை பரவியது. அதே ஏற்பாட்டைச் செம்மறிக்கு அப்படியே நீட்டுவது சரியா என்பதே கேள்வி.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையிலிருந்து அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடக் காவிரிப் படுகைக்குப் போகும் மந்தைகளை எண்ணிப் பாருங்கள். பல உடைமையாளர்களின் ஆடுகள் கீதாரி எனப்படும் தலைமை மேய்ப்பர் ஒருவரின் பொறுப்பில் சேர்கின்றன. சில இரவுக்கு ஒருமுறை வயல் மாறுகிறது. ஆறு நாள் நிறுத்தம் இங்கே நடவாத காரியம். ஆடு நகர்ந்தால்தான் வயலுக்கு உரம், கீதாரிக்கு வருமானம். நிலத்துக்கு எண் கொடுத்து அந்த நிலத்தோடு மந்தையைக் கட்டும் ஆங்கில முறை, நிலமில்லாத கீதாரியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது கலப்பைப் பதியும் கொள்கையை மட்டும்.

அதற்குத் தனி ஆட்டு எண் தொடக்கத் தேவையல்ல. கிடைக்கு ஓர் எண் போதும். எந்த ஊர் வயலில் எந்த நாள் முதல் எந்த நாள் வரை அடைத்தது, இடையில் எந்தக் கிடை சேர்ந்தது, எது பிரிந்தது, எத்தனை செத்தன, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் கோமாரிக்கும் எப்போது ஊசி போட்டது, இவ்வளவே ஏடு. எழுதத் தெரியாத கீதாரிக்குக் கால்நடை மருந்தகமோ ஊராட்சியோ எழுதித் தர வேண்டும். கைபேசியில் குரலாகச் சொன்னாலும் ஏற்க வேண்டும்.

கீதாரி இதை ஏன் செய்வார்? அவருக்கும் ஏதாவது கிடைத்தால்தான். நோய் வந்த பகுதி என்று ஓர் ஊரை மூடும்போது, தன் கிடை அங்கே போகவில்லை என்பதற்கு அவர் கையில் சான்று இருக்கும். இழப்பீடு கேட்கும்போது செத்த ஆட்டின் கணக்கு இருக்கும். 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் நாடோடி மேய்ப்பரின் பருவகால மேய்ச்சலை உரிமையாக ஏற்கிறது. மலையடிவாரத்தில் மேய்ப்பவர் ஆண்டுதோறும் அங்கே வந்து போனதை எழுத்தில் காட்ட இந்த ஏடு உதவும். எனவே ஏட்டின் ஒரு படி கீதாரியிடமே இருக்க வேண்டும். கூட்டுக்கிடை பிரியும் நாளில், அதுவரை நடந்த வழியின் முழுப் பதிவும் சேர்ந்திருந்த ஒவ்வொரு கீதாரிக்கும் தனித்தனிப் படியாகக் கிடைக்கும்படி விதியிலேயே எழுதிவிட வேண்டும்.