செக்ரோலும் டொலர்க் குறியும்

புசல்லாவையைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் உள்ளது இறம்பொடை. அங்கு நீர்வீழ்ச்சியைக் காண வருவோர் பலர். சூழவுள்ள தேயிலை மலைகளின் சம்பளக் கணக்கைக் கவனிப்போர் மிகச் சிலர். அக்கணக்கின் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றது: எது மாறும், எது மாறாது?

தோட்டங்களில் செக்ரோல் என்னும் பதிவேடு உண்டு. நிரைக்கு ஒரு தொழிலாளி, நிரலுக்கு ஒரு நாள். முழுப்பேரா அரைப்பேரா என்பது அதில் விழும். மாத முடிவில் நாட்களைக் கூட்டி நாட்சம்பளத்தால் பெருக்குவார்கள். நாட்கள் ஆளுக்கு ஆள் மாறும், நாட்சம்பளம் மாறாது.

இதே கணக்கைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது, டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் உருவாக்கி 1979இல் வெளியான விசிகல்க். ஒரு சூத்திரத்தைப் பிரதி செய்யும்போது, எந்த முகவரி மாறவேண்டும், எது மாறக்கூடாது என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 மாறாத முகவரிக்கு $ குறியை இட்டது. எக்செலும் அதே வழக்கத்தையே பின்பற்றியது.

நாட்கள் பி2 கலத்திலும் நாட்சம்பளம் எஃப்1 கலத்திலும் இருப்பதாகக் கொள்வோம். =பி2*எஃப்1 என்று எழுதிக் கீழே இழுத்தால், அடுத்த நிரையில் அது பி3*எஃப்2 ஆகிவிடும். எஃப்2 வெறுங்கலமாயின் அத்தொழிலாளியின் சம்பளம் பூச்சியம்! =பி2*$எஃப்$1 என்று எழுதினால் நாட்கள் மட்டும் நகரும்; சம்பளம் நிலைத்து நிற்கும்.

நிரையை அல்லது நிரலை மட்டும் பூட்டுவதும் உண்டு. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் மலைநாடு, இடைநாடு, தாழ்நாடு என மூன்று வலயங்கள். ஆண், பெண், பிள்ளை என மூன்று பிரிவுகள். ஆக ஒன்பது வீதங்கள். $பி2 என்பது நிரலை மட்டும் பூட்டும். பி$2 நிரையை மட்டும் பூட்டும். பெண்ணுக்குக் குறைந்த வீதம் என்னும் பூட்டை உடைக்க 1984 வரை போராட வேண்டியிருந்தது.

அதன் பின்னரும் பூட்டுகள் ஓயவில்லை. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி அடிப்படைச் சம்பளம் 450 ரூபா, விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா, வரவுக் கொடுப்பனவு 140 ரூபா. மொத்தம் 620 என்றே செய்திகள் பேசின. ஆனால் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வந்தால்தான் அந்த 140 கிடைக்கும். 24 நாள் வேலை கொடுத்த மாதத்தில் 18 நாள் வந்தவருக்கு 11,160 ரூபா. 17 நாள் வந்தவருக்கு 8,160 ரூபா. காய்ச்சலில் படுத்த ஒரு நாளின் விலை 3,000 ரூபா! நிலையானதாகச் சொல்லப்பட்ட தொகை, உண்மையில் மாறும் கலத்தைச் சார்ந்திருந்தது.

2019ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தில் வரவுக் கொடுப்பனவு நீங்கியது. 2021இல் வர்த்தமானி மூலம் நாட்சம்பளம் 1,000 ரூபாவாயிற்று. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350 ரூபாவும், மேலதிகக் கொழுந்துக்குக் கிலோவுக்கு 50 ரூபாவும் என முடிவாயிற்று. ஆயினும் மேலதிகம் எது என்பதைத் தீர்மானிப்பது, அன்றைக்குப் பறிக்கவேண்டிய கிலோவின் அளவே. ரூபா நிலையாக நின்று கிலோ ஏறினால், சூத்திரம் சரியாகவே இருக்கும். கையில் வருவது குறையும்.

சாதாரண தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் இந்தக் கல முகவரிகளை மலையகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கற்பனைக் கடையின் விற்பனையைக் கூட்டிப் பழகும் அப்பிள்ளை, தாயின் சம்பளத் துண்டையும் ஒருமுறை விரிதாளில் இட்டுப் பார்க்கட்டும். எந்தக் கலம் பூட்டப்பட்டிருக்கிறது, எது ஓசைப்படாமல் நகர்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.